ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவருக்கு வேலை என்று பேச்செடுத்தால், "முதலில் நன்றாகப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். பயிற்சி மையத்தில் மெழுகுவத்தி, காகித உறை, பினாயில் என்று வருடங்கள் ஓடும். அந்த 'அப்புறம்' மட்டும் வராது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்ப்பது இவர்களில் பலருக்குக் கடினம். மையத்தில் உறை ஒட்டப் பழகியவருக்கு, சூப்பர் மார்க்கெட்டில் தேதி பார்த்துப் பால் பாக்கெட் அடுக்குவது புத்தம்புது வேலை. 1980களில் அமெரிக்காவில் வளர்ந்த 'ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு' முறை அதனால்தான் வரிசையையே மாற்றியது. முதலில் சம்பளத்தோடு உண்மையான வேலை. பயிற்சி அங்கேயே, வேலையிடத்துக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஜாப் கோச் உடனிருக்க. 1986-ல் அங்கே சட்டத்திலும் இது இடம்பிடித்தது.

அடுத்த சறுக்கல் கோச்சுடையது. ஆள் மெதுவாகச் செய்கிறார், சூப்பர்வைசர் பார்க்கிறார். சங்கடம் தாங்காமல் கோச்சே பாதி வேலையை முடித்துவிடுவார். அவர் லீவு போட்ட அன்று வேலை நின்றுவிடும். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் காட்டுவதும், பொறுமையாகக் காத்திருப்பதும்தான் அவருடைய வேலை. 1970களில் மார்க் கோல்ட் என்பவர், 'எதுவும் வராது' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக் பூட்டக் கற்றுக்கொடுத்தது இப்படித்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும்: சொல்லிக்கொடுப்பது சைகையாகட்டும், பக்கத்தில் நிற்பது எட்டி நிற்பதாகட்டும், சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்கட்டும். அதற்காக மூன்று மாதத்தில் ஃபைலை மூடிவிடவும் கூடாது. சூப்பர்வைசர் மாறும்போதும் ஷிப்ட் மாறும்போதும்தான் பலர் வேலையை இழக்கிறார்கள்.

ஆளைப் பார்க்காமல் காலியிடத்தைப் பார்ப்பது இன்னொன்று. ஹவுஸ்கீப்பிங்கா, பேக்கிங்கா? வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது. சத்தம் தாங்காதவரை மிஷின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, 'ஒத்துவரவில்லை' என்று திருப்பி அனுப்பினால் குறை யாருடையது? பஸ் பயணத்தையும் பயிற்சியில் சேர்ப்பதில்லை. அப்பா வண்டி ஓட்டும்வரைதான் அந்த வேலை.

முதலாளிகள் பக்கம் வந்தால், டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்து போட்டோவுக்காக ஆள் எடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லெண்ணத்தோடு எடுப்பவர்களும் சம்பளத்துக்குப் பதில் 'ஊக்கத்தொகை' கொடுத்து, வருகைப் பதிவேட்டில் பெயர் சேர்க்காமல் விடுகிறார்கள். அதோடு இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் போச்சு. இஎஸ்ஐ சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்பதே பல எச்.ஆர்.களுக்குத் தெரியாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள். வேலை கேட்டுப் போகும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'தனியார் வேலைதானே' என்று யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவதைத் தள்ளிப்போடுவது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் உள்ள 4% ஒதுக்கீட்டில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவினருக்கானது. அறிவிப்பு வந்தபிறகு அட்டைக்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.