டேட்டன் போனால் கவிஞர் வீட்டை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டனுக்குப் போகிறவர்கள், விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் நினைவிடங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இடங்கள் அடங்கிய தேசிய வரலாற்றுப் பூங்காவில் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் வீடும் இருக்கிறது. ஆர்வில் ரைட்டும் அவரும் பள்ளித் தோழர்கள். 1890-இல் டன்பார் நடத்திய செய்தித்தாளை அச்சடித்துக் கொடுத்ததே ரைட் அச்சகம்தான்.

காலையில் வில்லியம்ஸ் தெருவில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் தொடங்குங்கள், கட்டணம் கிடையாது. டன்பார் வீடு பக்கத்திலேயேதான். 1904-இல் அம்மாவுக்காக வாங்கிய வீடு. இரண்டே ஆண்டில், 33 வயதில், காசநோயால் அங்கேயே இறந்தார். அவருடைய தட்டச்சுப்பொறியின் முன் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள். லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதியவர்! குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்கள் குறையும், பார்த்துக்கொண்டு போங்கள்.

ரைட் சகோதரர்களின் 1905-ஆம் ஆண்டு அசல் விமானம் கரிலன் பூங்காவில் இருக்கிறது. அங்கே டிக்கெட் உண்டு, காசு கொடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை.

அந்த விமானம் 39 நிமிடம் வட்டமடித்த ஹஃப்மன் புல்வெளிக்குக் கார் வேண்டும். விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால் சில நாள் மூடிவிடுவார்கள்; முதலில் விசாரித்துவிடுங்கள். வெறும் புல், ஒரு மரக் கொட்டகை, வெள்ளைக் கொடிகள், அவ்வளவுதான். நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.