விநாடி முள் ஏன் கோட்டில் நிற்பதில்லை? குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே சோதிக்கும் முறை

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விநாடி முள் விநாடிக்கு ஒரு முறை குதித்து நின்றுவிடுவதால், அது கோட்டின் மேல் நிற்கிறதா, தாண்டி நிற்கிறதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் முள் விநாடிக்கு 6 அல்லது 8 சிறு அடிகளாக நகர்வதால், அதே பிழை அங்கே இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. முள் கோட்டைத் தவறுவதற்கும் கடிகாரம் நேரம் தவறுவதற்கும் தொடர்பில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புதுக் கடிகாரம் வாங்கிய பலர் இந்த இடத்தில்தான் வீணாகக் கலங்குகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை மின்சுற்று 15 முறை பாதியாக்கி, விநாடிக்கு ஒரு துடிப்பாகக் குறைக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவே 1930களில் வடிவமைத்த மோட்டாரின் வழிவந்த சிறு மோட்டார் ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் தன் காந்தச் சுழலியை அரைச் சுற்று, அதாவது 180 பாகை, திருப்புகிறது. பல்சக்கரங்கள் அதை 30 மடங்கு குறைத்து முள்ளுக்கு 6 பாகையாகத் தருகின்றன. மின்சுற்றின் வேலை துடிப்பை அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. முள்ளின் நுனி எங்கே போய் நின்றது என்பது அதற்குத் தெரியாது.

இதில் எவ்வளவு சிறிய அளவுகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி மையத்திலிருந்து 13 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு விநாடிக்கு அது நகரும் தூரம் சுமார் 1.36 மில்லிமீட்டர். டயலில் அச்சான கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நுனி 0.1 மில்லிமீட்டர் விலகினாலே கோட்டின் ஓரத்துக்கு வந்துவிடும்.

படி 1: நேர் மேலிருந்து பாருங்கள்

விநாடி முள் டயலிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 10 பாகை சாய்வாகப் பார்த்தாலே நுனி 0.18 மில்லிமீட்டர் விலகியதுபோல் தெரியும். ஆகவே கடிகாரத்தை மேசையில் படுக்க வைத்து, அதன் மையத்துக்கு நேர் மேலே, ஒரு முழம் உயரத்தில் கைபேசியை நிறுத்தி, சற்றுப் பெரிதாக்கி ஒரு நிமிடம் காணொளி எடுங்கள். கேமரா மையத்துக்கு நேராக இருந்தால் பார்வைப் பிழை முள்ளின் நீளவாக்கில் மட்டுமே விழும், பக்கவாட்டில் விழாது. சாவியை இழுத்து முள்ளை நிறுத்திவிட்டு அளக்க வேண்டாம், ஏனெனில் பல கடிகாரங்களில் அப்போது ஒரு நெம்புகோல் சக்கரத்தைத் தொட்டு, அதன் இடத்தையே மாற்றிவிடக்கூடும்.

படி 2: பன்னிரண்டு இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள்

காணொளியை 5 விநாடிக்கு ஒரு முறை நிறுத்தி, முள் கோட்டில் இருந்தால் 0 என்றும், முந்தியிருந்தால் + என்றும், பிந்தியிருந்தால் − என்றும் ஒரு தாளில் எழுதுங்கள். முள் குதித்தவுடன் லேசாக நடுங்கும். நடுக்கம் அடங்கிய பிறகு உள்ள படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தாளைப் படியுங்கள்

பன்னிரண்டு இடங்களிலும் ஒரே அளவு விலகல் இருந்தால், முள்ளைப் பொருத்தியவர் அதைச் சற்றுத் திருகலாக அழுத்திவிட்டார் என்று பொருள். இதுவே எல்லாவற்றிலும் எளிய பிழை.

ஓரிடத்தில் சரியாகவும் அதற்கு நேர் எதிரே சரியாகவும் இருந்து, இடையில் ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் இருந்தால், முள்ளின் அச்சும் டயலின் மையமும் ஒன்றாக இல்லை. என் கடிகாரத்தில் 12, 6 ஆகிய இரண்டிலும் 0 இருந்தது. 3 இல் +, 9 இல் −. அச்சு 6 இன் பக்கம் ஒரு மயிரிழை இறங்கியிருந்தால் சரியாக இப்படித்தான் வரும். ஒரே சுற்றில் முந்துவதும் பிந்துவதும் சில முறை மாறி மாறி வந்தால், இடைச்சக்கரம் ஒன்று மையம் தப்பிச் சுழல்வதாகச் சந்தேகிக்கலாம்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே இடத்தில் வெவ்வேறாக நின்றால், அது பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள ஆட்டம்; ரிப்பேர்க்காரர்கள் இதைப் 'பிளே' என்பார்கள். பற்கள் இறுகாமல் சுழல இந்த இடைவெளி அவசியம், ஆகவே இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

படி 4: நிமிர்த்தி வைத்து மீண்டும் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். கடிகாரத்தை 12 மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால், 12 இலிருந்து 6 வரை இறங்கும் முள் தன் எடையால் பிளே உள்ள அளவுக்கு முன்னே சாயும்; 6 இலிருந்து 12 வரை ஏறும்போது பின்னே சாயும். 3 இல் +, 9 இல் − என்ற அதே கணக்கு இங்கேயும் வருவதால், இரு காரணங்களையும் குழப்பிக்கொள்ள நேரும். கடிகாரத்தைத் தலைகீழாக, 6 மேலே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும் இடம் மாறினால் காரணம் எடையும் பிளேயும். மாறாவிட்டால் மையம்தான் தப்பியிருக்கிறது. முள்ளின் வால் கனமாக இருந்தால் திசை மட்டும் நேர்மாறாக இருக்கும், ஆனால் சோதனை அப்போதும் செல்லும்.

படி 5: பிழையல்லாதவற்றை விலக்குங்கள்

முள் 2 விநாடிக்கு ஒரு முறை இரண்டு கோடு தாண்டிக் குதித்தால், பல கடிகாரங்களில் அது பேட்டரி தீரப்போவதற்கான அறிவிப்பு. குரோனோகிராஃப் வகையில், அதாவது நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்ச் வசதியும் உள்ள கடிகாரத்தில், நடுமுள் 12 இல் வந்து நிற்காவிட்டால், சாவியை முழுதும் இழுத்துப் பக்கப் பொத்தானை அழுத்திச் சரிசெய்யும் வசதி பெரும்பாலும் இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

படி 6: எதைச் சரிசெய்யலாம்

முள்ளை நீங்களே கழற்ற முயல வேண்டாம். அது ஏறி உட்காரும் அச்சு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனே உடையது. முள்ளின் துளை ஒரு முறை விரிந்துவிட்டால் பிறகு பிடித்து நிற்காது. எங்கும் ஒரே விலகல் உள்ள கடிகாரத்தை மட்டும், எழுதிய தாளோடு, நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். மையம் தப்பியதை டயலின் அடியிலுள்ள கால்களை நகர்த்திச் சரிசெய்ய முடியும் என்றாலும், விலை குறைந்த கடிகாரத்துக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. பிளேவுக்கு அமைப்பிலேயேதான் வழி செய்திருக்க வேண்டும்: விலை உயர்ந்த ஜப்பானியக் கடிகாரமான கிராண்ட் சீகோவின் 9எஃப் என்ற குவார்ட்ஸ் இயந்திரத்தில், நுண்ணிய சுருள்வில் ஒன்றின் விசையால் முள்ளின் ஆட்டத்தை அடக்கியிருக்கிறார்கள். அந்த விலை கொடுக்க விருப்பமில்லாதவர்கள், கடையிலேயே கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்து, முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.