பொருளாதாரமும் டேட்டா சயின்ஸும் சேர்த்துப் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வருடமும் கேட்டார்கள்: "அக்கா, பொருளாதாரத்தோடு டேட்டா சயின்ஸும் சேர்ந்த முதுகலை எடுக்கலாமா?" தாராளமாக எடுங்கள். நானும் அதைத்தான் படித்தேன். ஆனால் எனக்கு வீணாய்ப் போன ஒரு செமஸ்டர் உங்களுக்கும் வீணாக வேண்டாம்.

முதலில் கணக்கு. பிளஸ் டூவோடு கணக்கைக் கைகழுவிவிட்டு, 'எல்லாம் கம்ப்யூட்டர் போட்டுத் தரும்' என்று வருகிறவர்கள் நிறையப் பேர். முதுகலைச் சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் 2021 முதல் பொருளாதாரத் தாள் உண்டு. அதன் பாடத்திட்டத்தில் புள்ளியியலும் கணிதமும் தனித்தனிப் பகுதிகள். தேர்வு பிப்ரவரியில் வரும். கால்குலஸ், அணிகள், நிகழ்தகவு மூன்றையும் ஜூன் மழையிலேயே தொடங்கிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் சேர்வது. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் துறை) இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். சான்றிதழில் வெறும் 'டேட்டா சயின்ஸ்' என்று இருந்தால் அங்கேயே சிக்கல். அரசுக் கல்லூரி வேலை எண்ணம் இருந்தால், அந்தப் பட்டம் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள்.

நான் செய்த தவறு வேறு. முதல் செமஸ்டர் புராஜெக்டுக்கு எங்கள் வீட்டு இலை நோட்டை, அதாவது நாங்கள் விற்கும் பசுந்தேயிலையின் கணக்கு நோட்டை, எடுத்துக்கொண்டேன். தேதி, கிலோ, விலை என்று மூன்று வருடக் கணக்கு. மழை அளவையும் சேர்த்து, ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரஷன் போட்டால், கனமழை நாளில் பசுந்தேயிலை வரத்து நன்றாகவே குறைந்தது. பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இது தராசில் நின்ற எடையா பாப்பா, கழிவு போன எடையா?"

மழையில் பறித்த இலையில் தண்ணீர் நிற்கும். ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழித்துத்தான் இலை வாங்கும் ஏஜென்ட் எழுதுவார். வெயில் நாளில் அந்தக் கழிவு கிடையாது. எங்கள் நோட்டில் இருந்ததோ கழித்தது போக மிச்சம். நான் மழையின் விளைவு என்று எழுதியதில் ஒரு பங்கு வெறும் கழிவு. எந்தப் பங்கு எவ்வளவு என்று அந்த நோட்டை வைத்துச் சொல்லவே முடியாது. எண்ணை யார், எப்படி எழுதினார்கள் என்று கேட்காமல் மாடலுக்குப் போனதால், முழு வேலையையும் மறுபடி செய்தேன்.

விலைக்கு வந்தால் இன்னும் சிக்கல். இலை வரத்து கூடினால் விலை இறங்குகிறது. விலை ரொம்ப இறங்கினால் பறிகூலி கட்டாமல் செடியை அப்படியே விட்டுவிடுகிறோம், வரத்தும் குறைகிறது. எது காரணம், எது விளைவு? அடுத்த வாரத் தேயிலை ஏல விலையைக் கணிக்க, பழைய தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் உதவலாம். ஆனால் பசுந்தேயிலைக்கு அரசு குறைந்தபட்ச விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது மட்டும் பதில் சொல்லாது. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம்: 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலரானது, பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாறவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்துத் துரித உணவுக் கடைகளையும் ஒப்பிட்டு, கூலி ஏறியதால் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று காட்டினார்கள். இந்த மாதிரி ஆய்வுகளுக்காகக் கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு. இந்த ஒப்பிடும் முறையைச் சொல்லித்தருகிற படிப்பா என்று பாருங்கள். பாடத்திட்டத்தில் எகனாமெட்ரிக்ஸ் ஒரே ஒரு தாள், மீதியெல்லாம் மென்பொருள் என்றால் நான் சேரச் சொல்ல மாட்டேன்.

சான்றிதழ் கோர்ஸ்களுக்குப் பணம் கட்டுவதற்குப் பதில், நாட்டின் வேலை நிலவரத்தைக் காட்டும், 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) தரவை இறக்கிப் பழகுங்கள். புள்ளியியல் அமைச்சகம் இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எடை எண் இருக்கும்; அந்த ஒரு வரி எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறது என்பதை அது சொல்லும். அதைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் விடை தப்பு. புதிதாக வருகிறவர்கள் பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

இப்போது எங்கள் இலை நோட்டில் எடைக்குப் பக்கத்தில் கழிவுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அப்பாவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.