ஜெரானியாலில் ஆக்சிஜனை ஒரே பக்கத்தில் சேர்ப்பது எப்படி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஓர் எண்ணை: 18 மில்லிகிராம். ரோஜா மணமுள்ள ஆல்கஹாலான ஜெரானியாலை 10 மில்லிமோல் அளவில், வேதியியலாளர் ஷார்ப்லெஸின் முறையில் எப்பாக்சைடாக (இரு கார்பன்களோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்த மூவணு வளையமாக) மாற்றும்போது, வினையூக்கிக்காகக் குடுவைக்குள் போகும் டைட்டானியம் 1 மில்லிமோல். 1 மில்லிமோல் தண்ணீரின் எடை 18 மி.கி. சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டோ ஏறக்குறைய 50 மி.கி. இருக்கும். சரியாகக் காயாத குடுவையின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சொட்டில், நாம் எண்ணி எண்ணிப் போட்ட டைட்டானியத்தைப் போல ஏறத்தாழ மூன்று பங்கு தண்ணீர் இருக்கிறது. அது வினையின் வேகத்தைக் குறைப்பதோடு நிற்காது. எந்தப் பக்கம் ஆக்சிஜன் சேர வேண்டும் என்று நாம் திட்டமிட்டோமோ, அந்தக் கணக்கையும் குலைத்துவிடும்.

ஜெரானியாலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆல்கஹாலுக்குப் பக்கத்தில் இருப்பது 2, 3 கார்பன்களுக்கு இடையிலானது. எட்டத்தில் இருப்பது 6, 7 கார்பன்களுக்கு இடையிலானது. சாதாரணப் பெர்அமிலத்தை ஊற்றினால் அது பெரும்பாலும் எட்டத்தில் இருப்பதையே பிடிக்கும். நமக்குத் தேவை பக்கத்தில் இருப்பது. அதிலும் இரட்டைப் பிணைப்பின் தளத்துக்கு மேலேயோ கீழேயோ, ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் ஆக்சிஜன் சேர வேண்டும். மேலே சேர்ந்த மூலக்கூறும் கீழே சேர்ந்த மூலக்கூறும் இடது செருப்பும் வலது செருப்பும் போல. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. இந்த இரு வடிவங்களையும் இரு ‘கைகள்’ என்போம்.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடு என்று நினைத்துவிட வேண்டாம். காடுகளை மொட்டையடிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியில், பெண் பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் டிஸ்பார்லூர் ஓர் எப்பாக்சைடுதான். அதன் (+) வடிவத்தைத் தேடி ஆண் பூச்சி பறந்து வரும். (−) வடிவம் கலந்தால் அந்த ஈர்ப்பு குறைந்துவிடும். பொறி வைப்பவருக்கு ஒரு கை மட்டுமே உதவும். ஷார்ப்லெஸ் குழு 1981-இலேயே இந்த முறையைக் கொண்டு டிஸ்பார்லூருக்கு வழி காட்டியது. கட்சுகியும் ஷார்ப்லெஸும் முறையை வெளியிட்டது 1980-இல். 2001 வேதியியல் நோபல் பரிசில் பாதி ஷார்ப்லெஸுக்கும், மறுபாதி நோயோரி, நோல்ஸ் இருவருக்கும் சென்றது.

பக்கத்தைத் தீர்மானிப்பது டார்ட்ரேட். நம் வீட்டுப் புளியின் புளிப்புக்குக் காரணமான அதே டார்ட்டாரிக் அமிலத்தின் எஸ்டர் அது. புளியிலும் திராட்சையிலும் இருப்பது எல்-(+) வடிவம். அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது. டி-(−) வடிவத்துக்கு விலை கூடுதல். 1848-இல் பாஸ்டர் உருப்பெருக்கியின் அடியில் இடம் வலமாகப் பிரித்து வைத்த படிகங்களும் இந்த அமிலத்தின் உப்புகளே. இந்த வேலையைச் செய்யும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

எந்த டார்ட்ரேட் எந்தக் கையைத் தரும் என்பதைக் குடுவையைத் தொடும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். இரட்டைப் பிணைப்பைத் தாளின் தளத்தில் கிடத்தி, ஆல்கஹாலைத் தாங்கும் கார்பன் வலது கீழ் மூலையில் வருமாறு வரையுங்கள். எல்-(+) டார்ட்ரேட் போட்டால் ஆக்சிஜன் தாளின் கீழிருந்து வரும். டி-(−) போட்டால் மேலிருந்து வரும். ஜெரானியாலுக்கு எல்-(+) டைஎத்தில் டார்ட்ரேட் தருவது 2எஸ், 3எஸ் என்று குறிக்கப்படும் கையுள்ள எப்பாக்சைடு. படத்தைத் திருப்பி வரைந்துவிட்டு ஒரு வாரம் எதிர்க் கையைச் செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே படத்தை நோட்டில் வரைந்து, பக்கத்தில் இருப்பவர் ஒருவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

அளவுகள் இவை. ஜெரானியால் 1.54 கிராம், அதாவது 10 மில்லிமோல். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு 0.30 மி.லி., 1 மில்லிமோல். டைஎத்தில் டார்ட்ரேட் 247 மி.கி., 1.2 மில்லிமோல். ஐசோஆக்டேன் அல்லது டெக்கேனில் கரைத்த, ஆக்சிஜனைத் தரும் நீரற்ற டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு, 5.5 மோலார் கரைசல் என்றால் 2.7 மி.லி., சுமார் 15 மில்லிமோல். உலர்ந்த டைகுளோரோமீத்தேன் 40 மி.லி. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பொடியாக்கிய 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை அரை கிராம்.

இவற்றில் டைட்டானியத்துக்கும் டார்ட்ரேட்டுக்கும் உள்ள 1 : 1.2 என்ற விகிதத்தில் கை வைக்காதீர்கள். இரண்டு டைட்டானியமும் இரண்டு டார்ட்ரேட்டும் சேர்ந்த ஜோடிதான் வினையூக்கியாக வேலை செய்கிறது. டார்ட்ரேட் குறைந்தால் ஜோடி சேராத டைட்டானியம் மிஞ்சும். அதுவும் எப்பாக்சைடு செய்யும், ஆனால் அதற்கு இடது வலது தெரியாது. ஜோடி சேர்ந்த டைட்டானியம் தனி டைட்டானியத்தைவிட வேகமாக வேலை செய்வது நம் நல்வாய்ப்பு. அதற்காக டார்ட்ரேட்டை அள்ளிப் போட்டாலும் சிக்கல்தான். ஒரு டைட்டானியத்தை இரண்டு டார்ட்ரேட் சூழ்ந்துகொண்டால் அது செயலற்றுப் போய் வினை மந்தமாகிவிடும். எனவே டார்ட்ரேட்டை ஊசிக்குழலில் மி.லி. கணக்கில் எடுக்காமல் எடை போட்டுச் சேருங்கள். கொழகொழப்பான திரவம் அது. பாதி ஊசிச் சுவரிலேயே தங்கிவிடும்.

அடுத்தது சல்லடை. என் வேலையின் முதல் மழைக்காலத்தில் நான் சறுக்கியது இங்கேதான். புட்டியின் மேல் ‘தயார் நிலையில் உள்ளது’ என்று எழுதியிருந்ததை நம்பி அப்படியே போட்டேன். விளைச்சல் நன்றாகவே வந்தது. ஈஈ மட்டும், அதாவது ஒரு கை மற்றொன்றைவிட எவ்வளவு மிகுந்திருக்கிறது என்ற விழுக்காடு, எழுபதுகளிலேயே தங்கிவிட்டது. டார்ட்ரேட்டைச் சந்தேகப்பட்டுப் புதுப் புட்டி வாங்கினேன். டைட்டானியத்தை வெற்றிடத்தில் வாலை வடித்தேன். மூன்று வாரம் போன பிறகு, எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரு சோதனைக் குழாயில் என் சல்லடைப் பொடியைக் கொஞ்சம் போட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, “பிடித்துப் பார்” என்று கையில் கொடுத்தார். குழாய் குளிர்ந்தே இருந்தது. அடுத்து அவருடைய பொடியை எடுத்து அதேபோலச் செய்தார். விரலைச் சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது. தாகமுள்ள சல்லடை தண்ணீரைக் குடிக்கும்போது சூடு கக்கும். ஏற்கெனவே குடித்து முடித்தது சும்மா இருக்கும். அன்றிலிருந்து பொடியை வெற்றிடத்தில் 250 டிகிரியில் இரவு முழுவதும் சூடாக்கி, ஆர்கானில் ஆறவிட்டு, இந்தச் சோதனைக் குழாய் பரிசோதனையையும் முடித்த பிறகே எடை போடுகிறேன். இரண்டு நிமிட வேலை அது.

இனி வினை. அடுப்பில் காய்ந்து, ஆர்கானில் ஆறிய குடுவையில் சல்லடையையும் டைகுளோரோமீத்தேனையும் போட்டு −20 டிகிரிக்குக் குளிரவிடுங்கள். குளிர்த்தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்தால் மட்டும் போதாது. வெப்பமானியின் முனை குடுவைக்குள் திரவத்தில் முங்கியிருக்க வேண்டும். ஐஸும் உப்பும் கலந்தால் −21 டிகிரி என்று ஏட்டில் இருக்கும். நடைமுறையில் உள்ளே −12-க்குக் கீழே இறங்காமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன். குளிரூட்டும் கருவி இல்லையென்றால் அசிட்டோனில் உலர்பனியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுப்படுத்துங்கள்.

டார்ட்ரேட், டைட்டானியம், பிறகு பெராக்சைடு என்ற வரிசையில் சேருங்கள். பெராக்சைடை மெதுவாக விட வேண்டும். இதன் பிறகு 30 நிமிடம் ஜெரானியாலைத் தொடாமல் கலக்கிக்கொண்டே இருங்கள். புதியவர்கள் பொறுமை இழப்பது இந்த அரை மணியில்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. உள்ளேயோ ஐசோபுரொப்பாக்சைடுகள் இறங்கி டார்ட்ரேட்டுகள் ஏறி, ஜோடிகள் அமைந்துகொண்டிருக்கின்றன. அமைந்து முடியும் முன் ஜெரானியாலை விட்டால், முதலில் போகும் பங்கு அரைகுறை வினையூக்கியிடம் மாட்டிக்கொள்ளும். அங்கே இழந்த ஈஈ பிறகு திரும்பாது. சீக்கிரம் முடியட்டும் என்று சூடாக்குவதும், நல்லதுக்குத்தானே என்று −40-க்கு இறக்குவதும் இந்தக் கட்டத்துக்கு ஆகாது.

ஜெரானியாலையும் முன்கூட்டியே சல்லடை போட்டு உலர்த்தியிருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பமானி −15-ஐத் தாண்டினால் நிறுத்திக் காத்திருங்கள். குளிர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்குச் சொல்லும். −20 டிகிரியில் 90 விழுக்காடு ஈஈ கிடைக்க, இரண்டு பாதைகளின் ஆற்றல் தடைகளுக்கு இடையே மோலுக்கு ஏறத்தாழ 6.2 கிலோஜூல் வேறுபாடு இருந்தால் போதும். அதே வேறுபாடு 25 டிகிரியில் தருவது சுமார் 85 விழுக்காடுதான். பாதைகள் மாறவில்லை, குளிரை விட்டதற்கே ஐந்து விழுக்காடு போய்விடுகிறது.

வினையின் போக்கைக் காட்டும் டிஎல்சி தகட்டில் ஜெரானியால் புள்ளி மறையப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஆகும். மறைந்ததும் அப்படியே ரோட்டவேப்பரில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவியில்) மாட்டிவிடாதீர்கள். உள்ளே இன்னும் பெராக்சைடு இருக்கிறது. அதைச் சுண்டவைப்பது ஆபத்து. வலுவான அமிலத்தையும் உலோக உப்புப் பொடிகளையும் பெராக்சைடுப் புட்டியின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. 10 மி.லி. தண்ணீரில் 3.3 கிராம் பெரஸ் சல்பேட்டும் 1.1 கிராம் டார்ட்டாரிக் அமிலமும் அப்போதே கரைத்து, பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிரவைத்து, வடிகட்டிய வினைக்கலவையை அதில் மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் கலக்குங்கள். அயோடைடு–ஸ்டார்ச் தாள் நீலமாகாத நிலை வந்த பிறகே மேற்கொண்டு போகலாம்.

கரிம அடுக்கைப் பிரித்து ஈத்தரில் எடுத்தாலும் அதில் டார்ட்ரேட் ஒட்டிக்கொண்டே வரும். உப்பு நிறைந்த 30 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு மணி நேரம் வேகமாகக் கலக்கினால் எஸ்டர் உடைந்து நீரடுக்குக்குப் போய்விடும். இதை அறை வெப்பத்தில் விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போகாதீர்கள். காரத்தில் எப்பாக்சைடு பக்கத்து ஆல்கஹாலோடு இடம் மாற்றிக்கொள்ளும். பேன் இடமாற்றம் என்பது அதுதான். சிலிக்காவிலும் கவனம் வேண்டும். கரைப்பானில் ஒரு விழுக்காடு டிரைஎத்திலமீன் சேர்த்துக் காலத்தை (column, பொருள்களைப் பிரித்தெடுக்கும் குழாயை) நனைத்துக்கொண்டால் வளையம் திறக்காது.

எண்ணைப் பார்க்கும் கட்டம் வந்துவிட்டது. ஒளி எவ்வளவு சுழல்கிறது என்று அளக்கும் போலாரிமீட்டரை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள். இந்த எப்பாக்சைடின் ஒளிச்சுழற்சி சிறியது. டார்ட்ரேட்டும் ஒளியைச் சுழற்றக்கூடியது. அது கொஞ்சம் மிஞ்சியிருந்தாலே எண் பொய்யாகிவிடும். ஆல்கஹாலை பென்சோயேட்டாக மாற்றி, இரு கைகளையும் தனித்தனிச் சிகரங்களாகப் பிரித்துக் காட்டும் கைரல் காலத்தில் எச்பிஎல்சி பாருங்கள், அல்லது ஒரே கையுள்ள மோஷர் அமிலத்தோடு எஸ்டராக்கி என்எம்ஆர் நிறமாலை எடுங்கள். இரண்டுக்கும் முன்னால் இரு கைகளும் சமமாகக் கலந்த ரெசிமிக் மாதிரி வேண்டும். அதே பெராக்சைடோடு வனேடியம் அசிட்டைல்அசிட்டோனேட்டைச் சேர்த்தால் அதே 2, 3 இடத்தில் பக்கம் பார்க்காமல் ஆக்சிஜன் சேரும், மாதிரி தயார். அதில் இரண்டு சிகரங்களும் சம பரப்பில், அடிக்கோடு வரை பிரிந்து நின்றால்தான் உங்கள் காலம் உண்மை பேசுகிறது. பிரியாத சிகரங்களைக் கொண்டு 99 விழுக்காடு என்று எழுதியதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

நல்ல வினையில் 90 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஈஈ வரும். வரவில்லையென்றால் சல்லடை, டார்ட்ரேட் விகிதம், குடுவைக்குள் வெப்பநிலை என்ற வரிசையில் தேடுங்கள். டார்ட்ரேட்டின் தூய்மை கடைசியில் வரட்டும். காகன் குழு 1986-இல் இதே ஜெரானியாலை வைத்துக் காட்டியதுபோல, டார்ட்ரேட்டில் எதிர்க் கை சிறிது கலந்திருந்தாலும் விளைபொருளின் ஈஈ எதிர்பார்த்ததைவிட உயர்ந்தே நிற்கும். எல், டி இரண்டும் கலந்த ஜோடிகள் மந்தமானவை; பெரும்பான்மைக் கையின் ஜோடிகளே வேலையை முடித்துவிடுகின்றன.

ஆல்கஹால் பக்கத்தில் இல்லாத இரட்டைப் பிணைப்புக்கு இந்த முறை உதவாது. டைட்டானியம் பிடித்துக்கொள்வதற்கு அந்த ஆக்சிஜன் தேவை. பிணைப்பு இசட் வடிவில் (முக்கியத் தொகுதிகள் இரண்டும் ஒரே பக்கமாக) இருந்தால் வேகமும் ஈஈயும் குறையும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, சிறிய அளவில் டி-(−) டார்ட்ரேட் போட்டு வினையை ஒருமுறை திருப்பிச் செய்யுங்கள். விலை அதிகம் என்று இதை விட்டுவிட வேண்டாம். முதல் ஓட்டத்தில் நெடிதாக நின்ற சிகரம் குறுகி, குறுகியது நெடிதாக எழ வேண்டும். இரண்டு ஓட்டங்களின் எச்பிஎல்சி தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சிகரங்களின் உயரம் மாறாமல் அப்படியே நின்றால் அந்தக் குறுகிய சிகரம் மற்றொரு கையாக இருக்காது. ஏதோ ஓர் அசுத்தம். மீண்டும் காலத்தில் ஏற்றுங்கள்.