அம்மாவின் கைக்கு ஏற்ற உழவாரம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவு முழுக்கச் செம்மண். மாரி முடிந்து தை பிறந்தால் கிணற்றடியிலிருந்து வேலிக் கதியால் வரைக்கும் புல் எழும்பி நிற்கும். அம்மாவுக்கு இப்போது 78 வயது. விடியற்காலையில் உழவாரத்தோடு குந்தியிருந்து கத்தரிப் பாத்திக்குள் புல் செதுக்குவதுதான் அவருடைய நாளின் தொடக்கம். போன வருடம் ஒரு நாள் உழவாரத்தைக் கொண்டுபோய் அடுப்படிக் கூரை இறப்பில் செருகியவர், பிறகு அதை எடுக்கவே இல்லை. என்னவென்று கேட்டேன். "தம்பி, புல்லு வெட்டுறது எனக்கு நோகிறேல்லை. பிடிக்கிறதுதான் நோகுது" என்றார்.

நான் தச்சு வேலை செய்கிறவன். கதவு, யன்னல் செய்து பிழைக்கிறேன். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் இந்த வேலை தொடங்கியது. வயதானவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் கருவியை மாற்றிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்து பார்ப்பதுதான். எந்த இடத்தில் கை நிற்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறது, எழும்பும்போது எதைப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதன்பிறகு அளவுநாடாவை எடுக்கலாம்.

முதலில் பிடியின் பருமன். கடையில் வாங்கும் சிறு கருவிகளின் பிடி பெரும்பாலும் மெல்லிசு. மூட்டு வீங்கிய விரலை அவ்வளவுக்கு மடக்க முடியாது, மடக்கினால் உயிர் போகிற நோ. அதற்காக நான் முதலில் 50 மில்லிமீற்றர் பருமனில் பூவரசங்கட்டை ஒன்றைக் கடைந்து போட்டேன். அது பிழையாகிவிட்டது. அம்மாவின் கை சின்னது. கட்டையைச் சுற்றி விரல் போய்ச் சேராமல் உழவாரம் வழுக்கி, உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. சரியான அளவைக் காண இலேசான வழி உண்டு. பிடியைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் இறுக்காமலே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது 35 மில்லிமீற்றரில் வந்து நின்றது.

புதுப் பிடி கடைய வசதி இல்லையென்றால் பழைய சைக்கிள் ரியூப் போதும். நீளவாக்கில் கீறி, சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று சென்ரிமீற்றர் அகலப் பட்டியாக வெட்டுங்கள். பிடியின் நுனியில் தொடங்கி, இழுத்து இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடும்படி சுற்றி வாருங்கள். கடைசி மூன்று சுற்றைத் தளர்வாக விட்டு, வாலை அதற்குள் நுழைத்து இழுத்தால் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். வியர்வை பட்டால் ரியூப்பின் கறுப்பு கையில் ஒட்டும். அதனால் மேலே பழைய சாரத் துணி ஒரு சுற்று.

அடுத்தது மணிக்கட்டு. மரம் அரியும் கைவாளைப் பாருங்கள். அதன் பிடி நேராக இருக்காது, சாய்ந்து நிற்கும். முன்னுக்குத் தள்ளும்போது மணிக்கட்டு மடியாமல் முழங்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. உழவாரமும் முன்னுக்குத் தள்ளுகிற கருவிதான். ஆனால் அதன் பிடி அலகோடு ஒரே நேராகப் போவதால் மணிக்கட்டு மடிந்து போகிறது. பிடியின் மேல் 12 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு முளையை, கைவாள் பிடி போலச் சற்று முன்சாய்த்து, போல்ட்டால் பூட்டினேன். அம்மா அதைக் கைத்தடி பிடிப்பது போலப் பிடித்துத் தள்ளுகிறார். விரல் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, தோளில் இருந்து பலம் வருகிறது.

குந்த முடியாதவர்களுக்குக் காம்பை நீட்ட வேண்டும். பலரும் பிழைவிடும் இடம் இதுதான். நீளக் காம்பைப் போட்டால் பிடி மேலே எழும்பும், அதோடு அலகும் சரிந்து மண்ணைக் குத்தும். காம்பை நீட்டினால், அலகும் காம்பும் சேரும் உழவாரக் கழுத்தையும் வளைக்க வேண்டும். ஆளை முக்காலியில் இருத்தி, கை இயல்பாக நிற்கும் உயரத்தில் காம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டைத் துண்டை நிலத்தோடு வைத்து, காம்பின் சரிவைப் பென்சிலால் கீறி வெட்டுங்கள். அந்த அட்டையைக் கம்மாலைக்குக் கொண்டுபோனால் போதும். கொல்லர் உழவாரக் கழுத்தைக் காய்ச்சி, அலகு நிலத்தோடு படுக்கும்படி அதே கோணத்துக்கு வளைத்துத் தருவார்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணைக்கு மிதிவெடியில் ஒரு கால் போனது. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். 1968இல் ராஜஸ்தானில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் செய்த அந்தக் கால், நம்மைப் போலக் குந்துகிறவர்களையும் வெறுங்காலோடு வயலில் நடக்கிறவர்களையும் நினைத்தே செய்யப்பட்டது. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் அதோடு குந்துவதும் உண்டு. அண்ணைக்கு முழங்காலுக்கு மேலே போய்விட்டதால் அது சரிவரவில்லை. அவருக்கு 40 சென்ரிமீற்றர் உயர முக்காலி செய்து, இரண்டு பக்கமும் எழும்பப் பிடிக்கச் சட்டம் அடித்தேன். தண்ணீர் பாய்ந்த செம்மண்ணில் முக்காலிக் கால் புதையும். எனவே கால்களுக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். இதை மறந்தால் ஆள் விழுந்துவிடுவார்.

மண்வெட்டிக்குப் புதுசு வாங்காதீர்கள். பழைய வீட்டுத் தாழ்வாரங்களில் தேய்ந்து பாதியான மண்வெட்டி கிடக்கும். அதுதான் நல்லது. பாரம் குறைவு, அலகு சின்னது, ஒரு தடவைக்கு அள்ளும் மண்ணும் குறைவு. கூராக்கி, இலேசான காம்பு போட்டால் அண்ணை இருந்தபடியே பாத்தி கட்டுகிறார். காய்ந்த செம்மண்ணோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு, அடுத்த நாள் காலையில் வெட்டினால் பாதிப் பலம் போதும்.

பாரிசவாதம் வந்து ஒரு கை மட்டும் இயங்குகிறவர்களுக்கு முழங்கைக்கும் சேர்த்துத் தாங்கு கொடுக்க வேண்டும். 90 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் பைப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, நெடுக்காகப் பிளந்தால் ஓடு போல வரும். விளிம்பை அரத்தால் மழுப்பி, உள்ளே துணி ஒட்டி, காம்பின் நுனியில் பூட்டுங்கள். முன்கை அதற்குள் படுத்துக்கொள்ளும். ஆனால் பட்டி போட்டுக் கட்டிவிடாதீர்கள். தடுக்கி விழுந்தால் கை உடனே வெளியே வர வேண்டும்.

தண்ணீர் விஷயம் சின்னது. ஒரு லீற்றர் ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. பத்து லீற்றர் பூவாளியைத் தூக்க விடாமல், மூன்று லீற்றர் வாளி இரண்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கருவியை மட்டும் மாற்றினால் போதாது, பாத்தியை உயர்த்த வேண்டும். சீமெந்துக் கல் அடுக்கி 60 சென்ரிமீற்றர் உயரம். ஒரு பக்கத்தால் மட்டும் எட்டுவதானால் அகலமும் 60 தான், இரு பக்கத்தாலும் என்றால் 120. நடைபாதை 90க்குக் குறையக் கூடாது, அதில் கல் பாவுங்கள். மாரியில் சக்கரம் செம்மண்ணுக்குள் இறங்கினால் தனியாக வெளியே வர முடியாது.

இன்னொன்று, பிடிக்குச் சிவப்பு வர்ணம் அடிக்காதீர்கள். செம்மண்ணில் கீழே போட்டால் கண் மங்கினவர்களுக்குத் தெரியாது. நீலம் அடியுங்கள்.

கொடுத்து ஒரு கிழமை கழித்துப் பிடியைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். துணி எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே கை உரசுகிறது. அம்மாவின் பிடியில் இடப்பக்கம் மட்டும் நூல் பிரிந்திருந்தது. துணியை அவிழ்த்து, மரத்தில் மூன்று மில்லிமீற்றர் சீவி, திரும்பச் சுற்றிக் கொடுத்தேன். இன்று காலை கத்தரிப் பாத்தி முடித்து, கறிவேப்பிலை மரத்தடிக்குப் போயிருந்தார்.