வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்

எனக்கு இருப்பது சி.ஐ.டி.பி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வெளிக்கிருமிகளை விட்டுவிட்டு, நரம்புகளின் மேல் இருக்கும் மயலின் உறையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் பாதம் மரத்துப்போவதில் தொடங்கும். பிறகு கை விரல்கள், தொடை, தோள் என்று பலம் குறைந்துகொண்டே வரும். ஐ.வி.ஐ.ஜி. (ரத்தக் குழாய் வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றிக்கொள்ளப் போகும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால், நான் வந்த அதே சுற்று வழியில்தான் அவர்களும் வந்திருப்பது தெரியும். கேட்கக் கேட்க ஆற்றாமையாக இருக்கும். அதனால்தான் இந்த நோயில் வழக்கமாக நடக்கும் தவறுகளை எழுதுகிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இதேபோல எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஷோகிரன், லூபஸ், வாஸ்குலைட்டிஸ் (ரத்தக் குழாய் அழற்சி) போன்றவற்றால் நரம்பு கெட்டவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

மூட்டு வலி மாத்திரையைப் போட்டுச் சமாளிப்பது

டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளால் நரம்பு வலிக்குப் பெரிய பயன் இல்லை. வயிறும் சிறுநீரகமும் கெடுவதுதான் மிச்சம்.

வலியை வைத்து நோயை அளப்பது

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு இதுதான்.

பிரீகாபலின், காபாபென்டின், டுலோக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் இவையெல்லாம் நரம்பு வலிக்கு நல்ல மருந்துகள். போர்வை உரசினாலே பாதம் தீயாய் எரிகிற ராத்திரிகளை அனுபவித்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் நரம்பு அனுப்பும் தப்பான செய்திகளை அடக்கிவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. எதிர்ப்புச் சக்தி மயலினை அரிப்பதை அவை தொடுவதே இல்லை. அதை நிறுத்த ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி., பிளாஸ்மா மாற்று என்று வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. முதல் வகை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டாம் வகைச் சிகிச்சை நடப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான் எங்கள் வார்டில் பாதிப் பேர்.

சேலம் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தார். பிளவுஸ் தைப்பதில் கைராசிக்காரராம். பாதத்திலும் உள்ளங்கையிலும் எரிச்சல் என்று ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு மாத்திரையும் பி12 ஊசியும் கொடுத்தார்கள். எரிச்சல் நன்றாகக் குறைந்தது. "வலியே இல்லக்கா, அந்த மருந்து அவ்வளவு நல்லா கேட்டுச்சு" என்றுதான் என்னிடமும் ஆரம்பித்தார். அதே மாதங்களில் ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார். வயதாகிறது, உட்கார்ந்தே வேலை பார்க்கிற உடம்பு என்று அதற்கெல்லாம் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். வலிதான் இல்லையே!

நரம்பில் மின்செய்தி எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அவர் வந்தபோது மயலினோடு உள்ளே இருக்கும் இழைகளும் சேதமாகியிருந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாக்குதலை நிறுத்தினால் மயலின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஓரளவு திரும்ப வளரும். உள்ளே இருக்கும் இழை அறுந்துவிட்டால், அது வளரும் வேகம் சுமாராக ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து கால் விரல் வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சரியாக நடந்தாலும் 500 நாள். அவ்வளவு காலம் நரம்பு இல்லாமல் கிடந்த தசை, நரம்பு வந்து சேர்ந்த பிறகும் பழையபடி வேலை செய்யும் என்று உறுதியில்லை. அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சையில் கால்கள் நன்றாகவே திரும்பின. விரல்களின் சின்னத் தசைகள் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது துணி வெட்டிக் கொடுக்கிறார், தைப்பது மகள்.

இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த ஊர் டாக்டர் மேல்தான். போகும்போதெல்லாம் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். போன தடவை ஏழு, இந்தத் தடவை நாலு. முன்னேற்றம் என்று எழுதி அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருக்கிறார். சின்னச் சுத்தியலால் முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? சி.ஐ.டி.பி. வந்த பெரும்பாலானவர்களுக்குத் தட்டினால் கால் உதறாது. அந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம்.

வலி நம்மை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இழைகள் செத்துவிட்டாலும் எரிச்சல் அடங்கிவிடும். நேற்று வரை எரிந்த இடம் இன்று ஒன்றும் தெரியாமல் கிடந்தால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு நேர்மாறாக, சிகிச்சை தொடங்கி நரம்பு திரும்பி வரும்போது குறுகுறுப்பும் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டும் சில நாள் கூடலாம். அதைப் பார்த்துவிட்டு "மருந்து ஒத்துக்கவில்லை" என்று பாதியில் ஓடியவர்கள் உண்டு. இவ்வளவு பணம் செலவழித்த பிறகு ஓடுகிறார்களே என்றுதான் எனக்கு வயிறெரியும். ஐ.வி.ஐ.ஜி.யின் தொடக்க அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் எதை அளப்பது? கை கால் என்ன செய்கிறது என்பதை. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, மாடிப்படி ஏறும்போது கைப்பிடி தேவைப்படுகிறதா, சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா, தண்ணீர் பாட்டில் மூடி திறக்கிறதா, குதிகாலில் நடக்க முடிகிறதா. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவற்றை ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். வலிக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இடம். நரம்பியல் டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்கிறார். இரண்டு மாதத்துக்கு மேல் பலம் இறங்கிக்கொண்டே போனாலோ, விட்டுவிட்டு வந்தாலோ சி.ஐ.டி.பி.யைச் சந்தேகிப்பார்கள். அதுவே சில நாட்களுக்குள் காலிலிருந்து மேலே ஏறி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது நரம்பை வேகமாகத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கக் கூடாது. திடீரென்று ஒரு பாதம் மட்டும் தொங்கிப்போனாலும் தள்ளிப்போடாதீர்கள். வாஸ்குலைட்டிஸ் அப்படி வரும்.

"சத்து மாத்திரைதானே" என்று அள்ளிப் போடுவது

மருந்துக் கடையில் கை மரத்துப்போகுது என்றாலே பி காம்ப்ளெக்ஸ் அட்டை ஒன்றை நீட்டுவார்கள். பி12 குறைந்தால் நரம்பு கெடும் என்பது உண்மை, குறிப்பாகச் சைவம் சாப்பிடுபவர்களுக்கு. ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். வில்லங்கம் பி6. இந்த ஒரு வைட்டமின் குறைந்தாலும் நரம்பு கெடும், அளவு மீறினாலும் கெடும். தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்ட ஏழு பேருக்கு உணர்வு நரம்புகள் கெட்டதை 1983-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதைவிட மிகக் குறைந்த அளவிலும் நீண்ட நாள் எடுத்தால் பிரச்சினை வரலாம் என்பதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உச்ச வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் ஊரில் 50, 100 மில்லிகிராம் மாத்திரைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. டாக்டர் எழுதினால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மூன்று விதமான சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பி மூன்றிலும் பைரிடாக்ஸின் (பி6-இன் இன்னொரு பெயர்) எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்.

தெரிந்தவர் கொடுத்தார் என்று லேபிள் இல்லாத லேகியமும் பொடியும் வேண்டாம். அவற்றில் கலந்திருக்கக்கூடிய ஆர்செனிக், ஈயம், பாதரசம் மூன்றுமே நரம்பைக் கெடுப்பவை.

எல்லாம் சுகர்தான் என்று முடித்துவிடுவது

சர்க்கரை இருப்பவர்களுக்கும் சி.ஐ.டி.பி. வரும். சர்க்கரையால் வரும் மரமரப்பு வழக்கமாகக் கால் விரல் நுனியில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஊர்ந்து ஏறும். தொடையும் தோளும் பலமிழப்பதோ, சில மாதங்களில் நிலைமை மோசமாவதோ அதன் வழக்கமில்லை. அப்படி இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை நார்மல் என்று வந்ததும் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவைப்பது அடுத்தது. அந்தப் பரிசோதனை பெரிய இழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் அதில் அகப்படாது. ஷோகிரன் நோயில் அவை அடிபடலாம். கண்ணும் வாயும் வறண்டு, கூடவே எரிச்சலும் இருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கும் பிடிபடாது. வலிக்கென்று தரும் அமிட்ரிப்டிலின் அந்த வறட்சியை இன்னும் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். கூச்சம் வேண்டாம். அதற்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

மரத்த காலுக்கு வெந்நீர்

வீட்டுப் பெரியவர்கள் அன்பாகத்தான் வாளியில் வெந்நீரும் கல்லுப்பும் கொண்டுவருவார்கள். சூடு தெரியாத காலுக்குத் தோல் வழன்றது எப்படித் தெரியும்? முழங்கை விட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டிங் பேட், பைக் சைலன்சர், டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடி, உச்சி வெயிலில் கோயில் பிராகாரக் கல் எல்லாம் இதே கணக்குதான்.

உணர்ச்சியற்ற காலை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவைச் சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களாலேயே தேய்கின்றன என்று கண்டுகொண்டார். ராத்திரி எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கியவர்கள் இருந்ததால், வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு பரவியதும் அங்கே நடந்த அந்த வேலையின் தொடர்ச்சிதான். நோய் வேறு என்றாலும் காலுக்கு வரும் ஆபத்து ஒன்றே. எம்.சி.ஆர். வாங்குங்கள், பின்பக்கம் வார் உள்ளதாகப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

நின்றுகொண்டு கண்ணை மூடுவது

கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி பாதத்திலிருந்து வராதபோது கண்தான் நம்மை நிறுத்திவைக்கிறது. வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் பலர் சாய்வது அதனால்தான். இடுப்பைப் பேசினில் முட்டுக்கொடுங்கள், தலைக்குக் குளிக்கும்போது ஸ்டூலில் உட்காருங்கள். ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

ஸ்டீராய்டை நாமாக நிறுத்துவது

முகம் ஊதுகிறது, சுகர் ஏறுகிறது என்று பயப்படுவது நியாயம்தான். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டால், உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரக்க முடியாமல் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பது டாக்டர் வேலை. பிரீகாபலினையும் திடீரென்று விடக் கூடாது.

கூகுள்

பார்க்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேண்டாம்.

ஒரே வாரத்தில் பலத்தைத் திரும்பப் பிடிப்பது

முடியாது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்குமேல் செய்து மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் அளவு தப்பு என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள்.

வண்டி ஓட்டுவது

வலது பாதம் மரத்திருந்தால் பைக்கின் பின் பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. காரில் இன்னும் மோசம், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்க வாய்ப்பிருக்கிறது. கையில் பிடி நன்றாக இருந்தால் இரண்டு பிரேக்கும் கையிலேயே உள்ள ஸ்கூட்டரைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். பிடியும் போயிருந்தால் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.