பழைய கணினியில் எழாத பூட்லோடர்: என் அனுபவம்
கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பழைய கணினிக்காக 512 பைட்டில் நான் எழுதிய பூட்லோடர் (கணினி தொடங்கியதும் முதலில் ஓடி, மற்ற நிரல்களை ஏற்றும் சிறு நிரல்), கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஎமு எமுலேட்டரில் ஒழுங்காக ஓடியும், பென்டிரைவிலிருந்து தொடங்கியபோது கருந்திரையையே காட்டியது. இது தொடக்க நிரல் என்பதற்கு அடையாளமான இறுதி இரு பைட்டுகள் 85, 170 என்று சரியாகவே இருந்தன.

நிரலை அது இருந்த செக்டாரின் (வட்டின் 512 பைட் துண்டு) பின்பகுதிக்கு நகர்த்தி, முற்பகுதியின் பைட்டுகளைத் திரையில் அச்சிட்ட பிறகே காரணம் விளங்கியது. பென்டிரைவை ஃபிளாப்பியாகக் கருதும் சில பயாஸ்கள் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமை மென்பொருள்கள்), நினைவகத்தின் 31,744ஆம் முகவரியில் செக்டாரை ஏற்றியபின், வட்டு விவர அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் தம் மதிப்புகளை எழுதிவிடுகின்றன. என் கட்டளைகள் அங்கேதான் இருந்தன.

ஆகவே தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாண்டிச் செல்லும் ஒரு தாவல் கட்டளையை மட்டும் வைத்து, 90ஆம் பைட் வரை வெற்றிடம் விட்டேன். நினைவகத்தில் தரவுப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் டிஎஸ் பதிவகத்தை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) நானே சுழியாக்கினேன். எமுலேட்டர் இத்தகைய பிழைகளை மறைத்துவிடும் என்பதால் இவற்றை அழுத்தியே சொல்கிறேன். எந்த வட்டிலிருந்து கணினி தொடங்கியது என்று டிஎல் பதிவகத்தில் பயாஸ் தரும் இயக்கி எண்ணையும் ஊகிக்காமல் சேமித்தேன். பூட்லோடர் அடுத்து ஏற்ற வேண்டிய இரண்டாம் கட்ட நிரல் அன்றே ஏறியது.